கிராண்ட்ஸ்லாமுக்கு முன் வரும் காயச் செய்திகள்: கோப்பை யாருக்கு என்று கணிப்பது எப்படி?

கிராண்ட்ஸ்லாம் டென்னிஸ் போட்டி ஒன்று நெருங்கிவிட்டால் விளையாட்டுப் பக்கங்களில் இரண்டு வகைச் செய்திகள் தவறாமல் வந்துவிடும். இன்னாருக்கு இடுப்பில் வலி, இன்னார் முன்னோட்டப் போட்டியிலிருந்து விலகல் என்பது ஒரு வகை. இந்த முறை கோப்பையை வெல்லப்போவது யார் என்ற அலசல் இன்னொரு வகை. புதிதாக டென்னிஸ் பார்க்கத் தொடங்கியவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டு, காயம் என்றால் அவருக்கு வாய்ப்பில்லை, காயமில்லை என்றால் வாய்ப்பு உண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நடப்பது பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. எந்த உறுப்பில் காயம், எந்தத் தரையில் போட்டி, எந்த நாளில் விலகினார், அவர் விட்டுச்சென்ற இடம் யாருக்குப் போனது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு ஓரளவு பிடிபடும்.

2024-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓபனை எடுத்துக்கொள்வோம். பாடம் நடத்துவதற்கென்றே அமைந்த போட்டி அது. தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு யானிக் சின்னருக்கு இடுப்பில் பிரச்சினை. மாட்ரிட் போட்டியில் காலிறுதிக்கு முன் விலகினார், ரோம் போட்டிக்குப் போகவே இல்லை. கார்லோஸ் அல்கராஸுக்கு வலது முன்கையில் வலி. மான்டி கார்லோ, பார்சிலோனா, ரோம் என மூன்று களிமண் போட்டிகளைத் தவறவிட்டார். நோவக் ஜோகோவிச் உடல்நலத்தோடு இருந்தார், ஆனால் அந்த ஆண்டு அதுவரை ஒரு கோப்பையும் வென்றிருக்கவில்லை. பாரிஸில் பதினான்கு முறை வென்ற ரஃபேல் நடால் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பியிருந்தார், தரவரிசையில் எங்கோ 200-க்குக் கீழே. முன்கையில் வலி என்று சொன்ன அல்கராஸும் இடுப்பில் வலி என்று சொன்ன சின்னரும் அரையிறுதியில் மோதினார்கள். ஐந்து செட்களில் அல்கராஸ் வென்றார், இறுதியில் அலெக்சாண்டர் ஸ்வெரேவையும் ஐந்து செட்களில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். காயமில்லாமல் வந்த ஜோகோவிச்சுக்கோ, நான்காவது சுற்று ஆட்டத்தின் நடுவே வலது முழங்காலின் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்தது. காலிறுதிக்கு முன் அவர் விலக வேண்டியதாயிற்று.

காயச் செய்தியை மட்டும் நம்பி அந்தப் போட்டியைக் கணித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லியிருப்பார்கள். அதற்காகக் காயச் செய்திகளுக்கு மதிப்பில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. அவற்றைப் படிக்கும் விதம் ஒன்று இருக்கிறது.

ஏழு வெற்றிகளின் கணக்கு

ஆண்டுக்கு நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகள். ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன், மே கடைசியில் தொடங்கும் பாரிஸின் பிரெஞ்சு ஓபன், கோடையில் லண்டனில் விம்பிள்டன், ஆகஸ்ட் இறுதியிலிருந்து நியூயார்க்கில் அமெரிக்க ஓபன். ஒற்றையர் பிரிவில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். தோற்றால் வீடு. கோப்பையை வெல்ல ஏழு ஆட்டங்களை வரிசையாக வெல்ல வேண்டும், அதுவும் சுமார் இரண்டு வாரத்துக்குள். ஆண்களுக்கு ஐந்து செட்களில் மூன்றை வெல்ல வேண்டும், பெண்களுக்கு மூன்றில் இரண்டு.

இந்த ‘ஏழு’ என்ற எண்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு வீரர் எந்த எதிராளியையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை வெல்லக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அசுர பலம் அது. ஆனாலும் ஏழு ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்ல அவருக்கு இருக்கும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம்தான். அதே வீரருக்குச் சிறு காயம் ஏற்பட்டு, ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 90 சதவீதமாகக் குறைந்தால்? ஐந்து சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் கோப்பை வாய்ப்பு 48 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஓர் ஆட்டத்துக்கு 80 சதவீதம் என்றால் கோப்பை வாய்ப்பு 21 சதவீதம். ஓர் ஆட்டத்தில் கண்ணுக்கே தெரியாத சிறு குறை, ஏழு ஆட்டங்களில் பெருகிக் கோப்பையையே விழுங்கிவிடும். வல்லுநர்கள் முன்னணி வீரரின் லேசான தசைப்பிடிப்புக்குக்கூட இத்தனை பரபரப்பதற்குக் காரணம் இதுதான்.

உண்மையில் ஏழு ஆட்டங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதல் இரண்டு சுற்றுகளில் எதிரே நிற்பவர் பெரும்பாலும் தரவரிசையில் எட்டாத தூரத்தில் இருப்பார். கடைசி மூன்று ஆட்டங்களில்தான் சமபலத்தோர் வருவார்கள். ஆகவே லேசான காயத்தோடு வரும் முன்னணி வீரருக்கு முதல் வாரம் சிகிச்சைக் காலமாகவே பயன்படும். பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஆட்டம் என்பதால் இடையில் ஓய்வும் கிடைக்கும். கிராண்ட்ஸ்லாமில் இது ஒரு வசதி. ஒரே வாரத்தில் முடியும் சாதாரணப் போட்டிகளில் இந்த இடைவெளி கிடையாது.

பந்தய நிறுவனங்கள் வெளியிடும் விகிதங்களையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்கலாம். ஒரு வீரருக்கு 4.00 என்று விகிதம் போட்டிருந்தால், ஒன்றை நான்கால் வகுத்தால் வரும் 25 சதவீதம்தான் அவருக்குச் சொல்லப்படும் வாய்ப்பு. எல்லாருடைய சதவீதங்களையும் கூட்டினால் நூறைத் தாண்டும். அந்த உபரி நிறுவனத்தின் லாபம். பணம் கட்டச் சொல்லி இதைச் சொல்லவில்லை. காயச் செய்தி வெளியான மறுநாள் அந்த எண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால், செய்தி எவ்வளவு கனமானது என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்பது தெரியும். அவ்வளவுதான் அதன் பயன். ‘கோப்பை வெல்ல வாய்ப்புள்ளவர்களில் முதலிடம்’ என்று எழுதப்படும் வீரருக்கே பல நேரங்களில் ஐம்பது சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான் இருக்கும். அதாவது, அவர் தோற்பதற்கே அதிக வாய்ப்பு.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்

128 பேரையும் குலுக்கிப் போட்டு அட்டவணை தயாரித்தால், உலகின் முதல் இரு வீரர்கள் முதல் சுற்றிலேயே மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க, தரவரிசையின் அடிப்படையில் 32 பேருக்கு எண் கொடுத்து அட்டவணையில் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். இதுதான் சீடிங். முதல் எண்காரரும் இரண்டாம் எண்காரரும் எதிரெதிர்ப் பாதிகளில் இருப்பார்கள். இறுதியாட்டத்தில் மட்டுமே சந்திக்க முடியும். மூன்றும் நான்கும் ஆளுக்கொரு பாதிக்குக் குலுக்கலில் போவார்கள். ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்கள் முதல் நால்வரைக் காலிறுதிக்கு முன் சந்திக்க மாட்டார்கள். எண் பெற்ற 32 பேரில் எந்த இருவரும் மூன்றாவது சுற்றுக்கு முன் மோத வாய்ப்பில்லை.

இப்போது ஒரு முன்னணி வீரர் விலகுகிறார் என்றால், அவர் எந்த நாளில் விலகுகிறார் என்பது மிக முக்கியம். அட்டவணைக் குலுக்கல் பொதுவாகப் போட்டி தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் நடக்கும். அதற்கு முன்பே விலகிவிட்டால் சிக்கலே இல்லை. அவருக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு படி ஏறுவார்கள், குலுக்கல் ஒழுங்காக நடக்கும். குலுக்கல் முடிந்தபின் விலகினால்தான் வேடிக்கை.

2017 அமெரிக்க ஓபனில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என ஆளுக்கொரு காயத்தோடு ஜோகோவிச், நடப்புச் சாம்பியன் வாவ்ரிங்கா, நிஷிகோரி, ராவ்னிச் ஆகியோர் முன்கூட்டியே விலகியிருந்தார்கள். இரண்டாம் எண் பெற்ற ஆண்டி மரே மட்டும் இடுப்பு வலியோடு நியூயார்க் வந்து பயிற்சி செய்துகொண்டிருந்தார். குலுக்கல் நடந்தது. முதல் எண் நடாலும் மூன்றாம் எண் ஃபெடரரும் மேல்பாதியில். கீழ்ப்பாதிக்குத் தலைவர் மரே. மறுநாள் மரே விலகினார்.

இரண்டாம் எண்ணின் இடம் காலியானதால் மூன்றாம் எண் ஃபெடரரை அங்கே நகர்த்துவார்கள் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. முதல் நால்வரில் ஒருவர் விலகினால், ஐந்தாம் எண்காரர் அந்த இடத்துக்குப் போவார். ஆக, மரின் சிலிச் மரேயின் இடத்துக்கு வந்தார். சிலிச்சின் பழைய இடத்துக்கு 17-ஆம் எண் சாம் குவெரி. குவெரியின் இடத்துக்கு, எண் கிடைக்காமல் நூலிழையில் தவறிய பிலிப் கோல்ஷ்ரைபர். கோல்ஷ்ரைபரின் இடத்துக்கு, தகுதிச் சுற்றில் தோற்றுப்போன லூகாஸ் லாக்கோ. இப்படித் தோற்றும் உள்ளே வருபவரைத்தான் லக்கி லூசர் என்கிறார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததில் நான்கு பேர் இடம் மாறினார்கள்.

விளைவு என்ன? நடாலும் ஃபெடரரும் ஒரே பாதியில் மாட்டிக்கொண்டார்கள். மறு பாதியில் கிராண்ட்ஸ்லாம் வென்ற அனுபவம் அரிதாகிவிட்டது. அங்கிருந்து இறுதிக்கு வந்தவர் 28-ஆம் எண் பெற்ற கெவின் ஆண்டர்சன். மேல்பாதியில் ஃபெடரரை டெல் போட்ரோ வீழ்த்த, டெல் போட்ரோவை நடால் வீழ்த்தினார். இறுதியில் ஆண்டர்சனை நேர் செட்களில், அதாவது ஒரு செட்டும் இழக்காமல், வென்றார். மரே ஒரு நாள் முன்னதாக விலகியிருந்தால் ஃபெடரர் இரண்டாம் எண்ணாகி மறு பாதிக்குப் போயிருப்பார், அட்டவணையே வேறாக இருந்திருக்கும். அப்போது கோப்பை யாருக்குப் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்புகள் நிச்சயம் வேறாகியிருக்கும்.

முதல் நாள் ஆட்ட நேரப் பட்டியல் வெளியான பிறகும் விலகினால் இந்த இட மாற்றம்கூடக் கிடையாது. காலியான இடத்தில் லக்கி லூசரே நேராக வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பகுதியில் இருக்கும் மற்ற வீரர்களுக்கு அடித்தது யோகம். எனவே பெரிய பெயர் ஒன்று விலகியதாகச் செய்தி வந்தால், முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு அட்டவணையில் அவருடைய எட்டில் ஒரு பகுதியைப் பாருங்கள். வாய்ப்பு யாருக்குக் கூடியது என்பது அங்கே எழுதியிருக்கும்.

நீண்ட நாள் காயத்துக்குப் பின் திரும்புபவர்களின் கதை வேறு. ஆண்கள் தொடரில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆட முடியாமல் போனவர்கள் பாதுகாக்கப்பட்ட தரவரிசை கேட்டு வாங்கலாம். விலகிய முதல் மூன்று மாதங்களில் இருந்த தரவரிசையின் சராசரி அது. அதைக் காட்டிப் பெரிய போட்டிகளுக்குள் நேராக நுழையலாம். சீடிங் எண் மட்டும் கிடைக்காது. 2024 பிரெஞ்சு ஓபனில் நடாலுக்கு நேர்ந்தது அதுதான். உள்ளே வந்துவிட்டார், எண் இல்லை, குலுக்கலில் முதல் சுற்றிலேயே நான்காம் எண் ஸ்வெரேவ் வந்து சேர்ந்தார். நேர் செட்களில் நடால் வெளியேறினார். நடாலுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் இல்லை அது. ஸ்வெரேவுக்கும் முதல் சுற்றில் நடால் வந்தது மகிழ்ச்சியாகவா இருந்திருக்கும்? காயத்திலிருந்து திரும்பும் பெரிய வீரர், எண் இல்லாத கண்ணிவெடி போல அட்டவணையில் எங்கோ புதைந்திருப்பார்.

எந்த உறுப்பு, எந்தத் தரை

காயம் என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. டென்னிஸில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு ஷாட்டோடு பிணைந்தது.

வயிற்றுத் தசைக் காயம் முதலில் தாக்குவது சர்வைத்தான். பந்தைத் தூக்கிப் போட்டு, உடம்பைப் பின்னால் வளைத்து, முறுக்கிச் சுழற்றி அடிக்கும்போது அந்தத் தசைதான் இழுபடுகிறது. 2022 விம்பிள்டன் காலிறுதியில் டெய்லர் ஃபிரிட்ஸுக்கு எதிராக நடாலுக்கு நேர்ந்தது இது. அவர் சர்வின் வேகம் கண்கூடாகக் குறைந்தது. பார்வையாளர் பகுதியில் இருந்த அவருடைய குடும்பத்தார் ஆட்டத்தை விட்டு வெளியேறும்படி சைகை காட்டினார்கள். அவர் கேட்கவில்லை. சமநிலையில் நிற்கும் செட்டை முடித்துவைக்கும் டைபிரேக்கர் ஐந்தாவது செட்டில் வந்தது, அதில் வென்றேவிட்டார். ஆனால் மறுநாள் விலகினார். நிக் கிர்ஜியோஸ் அரையிறுதியில் ஆடாமலே இறுதிக்குப் போனார். பந்து பரிமாற்றத்தில் தாக்குப்பிடிக்கும் நடாலைப் போன்றவர் வயிற்றுத் தசைக் காயத்தோடு ஓர் ஆட்டத்தை இழுத்துப் பிடிக்கலாம். சர்வையே நம்பி ஆடும் உயரமான வீரருக்கு அதே காயம் என்றால் அன்றே கதை முடிந்தது.

மணிக்கட்டு இன்னும் கொடியது. பந்து ராக்கெட்டில் படும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி அங்கேதான் இறங்குகிறது, அதுவும் ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை. டெல் போட்ரோவுக்கு இடது மணிக்கட்டில் அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள் நடந்தன. வலதுகைக்காரரான அவருக்கு இரண்டு கைகளால் அடிக்கும் பேக்ஹேண்ட் அதன்பின் பழையபடி வரவேயில்லை, ஒரு கையால் வெட்டி அடித்துச் சமாளித்தார். 2020 அமெரிக்க ஓபனை வென்ற டொமினிக் தீமுக்கு 2021 ஜூனில் வலது மணிக்கட்டு காயம்பட்டது. 2024-இல் ஓய்வுபெறும்வரை பழைய உயரத்துக்கு அவர் திரும்பவில்லை. மணிக்கட்டு, அடிக்கும் கை என்ற சொற்களைச் சேர்த்துப் பார்த்தால், குணமாகிவிட்டது என்ற அறிக்கையைச் சற்று சந்தேகத்தோடு படிப்பது நல்லது. என் கணக்கில், கணுக்கால் சுளுக்கைவிட இது பல மடங்கு கவலைக்குரியது.

கால்களைப் பொறுத்தவரை தரைதான் நீதிபதி. களிமண் தரையில் பந்து மெதுவாக, உயரமாக எழும்பும். ஒவ்வொரு புள்ளியும் நீளும். சறுக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். தொடைத் தசையில் குறை இருந்தால் இங்கே மூன்றாவது மணி நேரத்தில் வெளியே தெரிந்துவிடும். 2022 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் நடாலும் ஸ்வெரேவும் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆடி இரண்டாவது செட்டைக்கூட முடிக்கவில்லை. ஸ்வெரேவின் வலது கணுக்கால் மடங்கித் தசைநார்கள் கிழிந்து, சக்கர நாற்காலியில் வெளியே போனார். கடினத் தரையில் சறுக்கல் குறைவு, நிற்கும்போது கால் திடீரென்று பூட்டிக்கொள்ளும். முழங்காலும் கணுக்காலும் அடி வாங்கும். புல்தரையில் பந்து தாழ எழும்புவதால் குனிந்துகொண்டே ஆட வேண்டும். அதோடு முதல் சில நாட்கள் புல் பசுமையாக, வழுக்கலாக இருக்கும். 2021 விம்பிள்டனின் முதல் சுற்றில் சென்டர் கோர்ட்டில் ஃபெடரருக்கு எதிராக ஆடிய மனரினோ வழுக்கி விழுந்து விலகினார். அதே நாளில் அதே மைதானத்தில் செரினா வில்லியம்ஸும் வழுக்கி, முதல் செட் முடியும் முன்பே கண்ணீரோடு வெளியேறினார்.

அதே புல்தரை வேறொரு விதத்தில் கைகொடுக்கவும் செய்யும். பரிமாற்றங்கள் குறுகியவை, நல்ல சர்வ் இருந்தால் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 2024 ஜூன் 5-ஆம் தேதி முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜோகோவிச், ஜூலை 1-இல் தொடங்கிய விம்பிள்டனில் முழங்காலில் உறை மாட்டிய காலோடு இறங்கி இறுதிவரை வந்தார். காலிறுதியில் அவருக்கு எதிராக ஆட வேண்டிய டி மினார் இடுப்புக் காயத்தால் விலகியதில், ஓர் ஆட்டத்தின் உழைப்பும் மிச்சமானது. இறுதியில் அல்கராஸ் அவரை நேர் செட்களில் எளிதாக வென்றுவிட்டார் என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. ஆறு சுற்றுகள்வரை மறைக்க முடிந்த குறை, ஏழாவதில் சமமான எதிராளி வந்ததும் வெளிப்பட்டது.

அறிக்கைகளை எப்படிப் படிப்பது

முன்னோட்டப் போட்டியிலிருந்து விலகல் என்ற செய்தியைக் கண்டு உடனே பதற வேண்டியதில்லை. பாரிஸுக்கு முன் ரோம், விம்பிள்டனுக்கு முன் குவீன்ஸ் அல்லது ஹாலே, நியூயார்க்குக்கு முன் சின்சினாட்டி ஆகியவற்றில் பணமும் புள்ளிகளும் உண்டுதான். ஆனால் முன்னணி வீரருக்கு அவை பயிற்சிக்கூடம் போலத்தான். சிறு வலி தெரிந்தாலும் அங்கே நிறுத்திக்கொள்வார்கள். 2019 ஆகஸ்டில் டொரன்டோ இறுதியாட்டத்தில் நான்கே கேம்களில் முதுகு வலியால் செரினா விலகினார். எதிரே நின்ற பியான்கா ஆண்ட்ரீஸ்கு அவருக்கு ஆறுதல் சொன்னார். நான்கு வாரம் கழித்து அதே இருவர்தான் அமெரிக்க ஓபன் இறுதியில் மோதினார்கள். மறுபடியும் ஆண்ட்ரீஸ்குவே வென்றார், இந்த முறை முழு ஆட்டம் ஆடி.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. ஒரே இடத்தில் மறுபடியும் வலி என்றால் கவனியுங்கள். இரண்டு மாதமாக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் நேராகக் கிராண்ட்ஸ்லாமுக்கு வந்தால், உடல் தேறியிருந்தாலும் ஆட்டப் பழக்கம் போயிருக்கும். பயிற்சியில் பந்து தரையில் பட்டெழுந்தபின் அடிக்கும் ஷாட்களை வெளுத்து வாங்குபவர் சர்வை மட்டும் பாதி வேகத்தில் போட்டால், அல்லது பயிற்சி நேரத்தைத் திடீரென்று ரத்து செய்தால், ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்ற பேட்டியைவிட அதற்கே அதிக மதிப்பு. வீரர்கள் உண்மையை மறைப்பதில் ஆச்சரியமும் இல்லை. இடது தொடையில் வலி என்று வெளியே சொன்னால், எதிராளி அன்று முழுவதும் அந்தப் பக்கமே பந்தைப் போடுவார்.

சில நேரங்களில் வீரருக்கே உண்மை தெரியாது. 2021 பிரெஞ்சு ஓபனின் இரண்டாவது சுற்றில் இடுப்புக் காயத்தால் பாதியில் வெளியேறினார் ஆஷ்லி பார்ட்டி. விம்பிள்டனுக்குச் சில வாரங்களே இருந்தன. குணமாக இரண்டு மாதம்வரை ஆகலாம் என்று மருத்துவர்கள் அவருடைய குழுவிடம் சொல்லியிருந்தார்கள். குழு அதை அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவர் விம்பிள்டனில் ஆடி, இறுதியில் கரோலினா பிளிஸ்கோவாவை வென்று கோப்பையைத் தூக்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முந்தைய சாம்பியன் சிமோனா ஹாலெப் கெண்டைக்கால் காயத்தால் அந்த முறை வரவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிச் செய்திகளாகத்தான் தெரிந்திருக்கும்.

அறிக்கையில் வரும் சொற்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் வரமாட்டேன் என்றால் எதிராளிக்கு வாக்ஓவர். தொடங்கியபின் நிறுத்தினால் அது பாதியில் விலகல். இரண்டிலும் எதிராளி அடுத்த சுற்றுக்குப் போவார்; வித்தியாசம், முன்னதில் அவர் வியர்வையே சிந்துவதில்லை. ஆட்டத்தின் நடுவே உடற்பயிற்சி மருத்துவரை அழைத்தால், பரிசோதனைக்குப் பின் மூன்று நிமிடச் சிகிச்சை கிடைக்கும். வெறும் தசைப்பிடிப்புக்கு அந்த மூன்று நிமிடம் கிடையாது; பக்கம் மாறும் இடைவேளையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணமும் இதில் உண்டு. முதல் சுற்றில் தோற்றாலே கணிசமான பரிசுத்தொகை கிடைப்பதால், ஆட முடியாது என்று தெரிந்தும் சிலர் களமிறங்கிச் சில கேம்களில் நிறுத்திக்கொண்டார்கள். 2017 விம்பிள்டனில் ஒரே நாளில் சென்டர் கோர்ட்டில் ஜோகோவிச்சின் எதிராளியும் ஃபெடரரின் எதிராளியும் அடுத்தடுத்து இப்படி விலக, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு விதி மாறியது. 2018 முதல், முதன்மைச் சுற்று தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை நண்பகலுக்குப் பின் காயத்தால் விலகுபவருக்கு முதல் சுற்றுப் பணத்தில் பாதி கிடைக்கும். மீதிப் பாதி அவர் இடத்துக்கு வரும் லக்கி லூசருக்கு. மறைத்துக்கொண்டு ஆடி, தரமில்லாமல் நின்றுவிட்டால் அபராதமும் விழலாம். ஆகவே குலுக்கலுக்குப் பின் வரும் கடைசி நேர விலகல்கள் இப்போது சகஜம். அவற்றுக்குப் பின்னால் சதி ஒன்றும் இல்லை.

போட்டி தொடங்கிய பிறகு

கணிப்பு முதல் நாளோடு முடிவதில்லை. 2025 விம்பிள்டன் நான்காவது சுற்றில் உலகின் முதல்நிலை வீரர் சின்னர், முதல் கேமிலேயே விழுந்து வலது முழங்கையில் அடிபட்டுக்கொண்டார். எதிரே கிரிகோர் டிமிட்ரோவ் பிரமாதமாக ஆடி முதல் இரண்டு செட்களை 6-3, 7-5 என்று எடுத்துவிட்டார். மூன்றாவது செட்டில் எதிராளியால் தொடவே முடியாத சர்வான ஏஸ் ஒன்றை அடித்து 2-2 என்று சமன் செய்தவர், மறுகணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். வலது மார்புத் தசையில் காயம். சின்னர் வலையைத் தாண்டி ஓடிவந்தார். டிமிட்ரோவால் தொடர முடியவில்லை. கிராண்ட்ஸ்லாம் போட்டியில் தொடர்ந்து ஐந்தாவது முறையாக அவர் பாதியில் விலகியது அது. தோல்வியின் விளிம்பில் இருந்த சின்னர், முழங்கையில் உறை மாட்டிக்கொண்டு காலிறுதியில் ஷெல்டனை, அரையிறுதியில் ஜோகோவிச்சை, இறுதியில் அல்கராஸை வீழ்த்தி முதன்முறையாக விம்பிள்டன் சாம்பியன் ஆனார்.

இரண்டு காயங்கள், ஒரே ஆட்டம். ஒன்று கோப்பை வரை கூட வந்தது, மற்றொன்று அந்தக் கணமே முடித்துவைத்தது. டிமிட்ரோவின் முந்தைய நான்கு விலகல்களைக் கவனித்திருந்தவர்களுக்கு, நீண்ட ஆட்டத்தில் அவர் உடல் தாங்குமா என்ற கேள்வி முன்பே இருந்திருக்கும். தொடர்ச்சியாக நிகழ்வதை அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். சின்னரின் முழங்கை போன்ற ஒற்றை நிகழ்வை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

காயத்தோடு ஓர் ஆட்டத்தை வெல்வது வேறு, அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து வருவது வேறு. 2025 ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதியில் இடது தொடையில் கட்டோடு ஜோகோவிச் அல்கராஸை நான்கு செட்களில் தோற்கடித்தார். அரையிறுதியில் ஸ்வெரேவிடம் முதல் செட்டை டைபிரேக்கரில் இழந்ததும் கைகுலுக்கிவிட்டு வெளியேறினார். அதே மனிதர் 2023-இல் அதே ஊரில் தொடைத் தசைக் காயத்தோடு கோப்பையே வென்றிருக்கிறார். அப்போது வயது 35, 2025-இல் 37. முன்பு ஒருமுறை சமாளித்தார் என்பதற்காக மறுமுறையும் சமாளிப்பார் என்று எழுதுபவர்கள், இடையில் கழிந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

முதல் வாரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது வெற்றி தோல்வியை மட்டும் அல்ல, ஆட்டம் எவ்வளவு நேரம் நீண்டது என்பதையும்தான். மூன்று சுற்றுகளை ஆறு மணி நேரத்தில் முடித்தவரும், அதே மூன்று சுற்றுகளுக்குப் பதினோரு மணி நேரம் உழைத்தவரும் நான்காவது சுற்றில் சந்தித்தால், தரவரிசை எண்ணைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாமவரின் காலில் புதிதாகக் கட்டு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.